கிணற்றடிப் பஞ்சாரம்

நாசரேத்,
16-6-1974

சித்திக்கு,

விடுதிக்கு வந்து சேர்ந்துவிட்டேன். பெட்டி, பாய், தட்டு எல்லாம் பத்திரமாக இருக்கின்றன என்று அப்பாவிடம் சொல்லவும்.

இந்தக் கடிதம் கோழிகளைப் பற்றியது. இங்கே நூலக அலமாரியில் வீட்டில் கோழி வளர்ப்பது பற்றி ஒரு புத்தகம் இருக்கிறது. என்னைத் தவிர யாரும் அதை எடுத்ததில்லை என்று பின்னட்டையில் ஒட்டிய சீட்டைப் பார்த்தால் தெரிகிறது. நான் இரண்டு முறை படித்துவிட்டேன். ஆகவே நான் சொல்கிறபடி செய்யுங்கள்.

கூட்டுக்குள் வாரம் ஒருமுறை சாம்பல் தூவ வேண்டும். தண்ணீர்ச் சட்டியைத் தினமும் கழுவ வேண்டும். மீன் கழிவு கொடுத்தால் முட்டை அதிகம் கிடைக்குமாம். முட்டை ஓடு கெட்டியாக இருக்கச் சிப்பி ஓட்டை இடித்துப் போட வேண்டும். ஆனால் பின்கட்டில் சாக்கில் இருக்கும் முத்துச்சிப்பி ஓடுகளை எடுக்க வேண்டாம். அவை கடலில் முத்துக் குளிக்கும் சிலாபம் நடந்த வருடம் அம்மா கொண்டுவந்து வைத்தவை. கடற்கரையில் பொறுக்கிக்கொள்ளலாம்.

மிக முக்கியம்: வெளியிலிருந்து எந்தக் கோழி வந்தாலும் உடனே மற்றவற்றோடு சேர்க்கக் கூடாது. பதினான்கு நாள் தனியே, தூரத்தில், மூங்கில் பஞ்சாரம் போட்டு மூடி வைத்துப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் ஒரு கோழியின் நோய் எல்லாக் கோழிக்கும் வந்துவிடும். இந்த வரியின் கீழே கோடு போட்டிருக்கிறேன்.

சாம்பியைப் பற்றி உங்களுக்குத் தெரியும். அது அம்மாவின் கோழி. ஆஸ்பத்திரிக்குப் போன அன்று காலையில் அம்மா கடைசியாகச் செய்த வேலை சாம்பியைத் திறந்துவிட்டதுதான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அம்மா எதையும் தொடவில்லை. சாம்பிக்கு மட்டும் ஒன்றும் ஆகக் கூடாது.

இப்படிக்கு,
ஜெ. ஜெயசெல்வி
ஒன்பதாம் வகுப்பு

*

முத்தையாபுரம்,
25-6-1974

அன்புள்ள மகள் ஜெயசெல்விக்கு,

உன் கடிதத்தை அடுப்படிச் சுவரில் சோற்றுப் பசை தடவி ஒட்டிவிட்டேன். காலையில் காப்பி போடும்போது ஒருமுறை படித்துக்கொள்கிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவளுக்கு மறுபடியும் பாடம் வந்திருக்கிறது என்று அப்பா சிரிக்கிறார்.

ஒரு வருத்தமான செய்தி. கமலம் டீச்சரைக் கீரி கொண்டுபோய்விட்டது. வெள்ளிக்கிழமை மதியம், நான் தண்ணீர் எடுக்கப் போன நேரம். வேலியோரத்தில் இறகுதான் கிடந்தது. வேலி ஓட்டையில் முள் வைத்து அடைத்திருக்கிறேன்.

மீன் கழிவு கொடுக்கச் சொன்னாய். கருவாட்டுத் தலை நிறையக் கிடைத்தது என்று அள்ளிப் போட்டேன். அளவு நீ எழுதவில்லை. முட்டை அதிகமாகத்தான் வந்தது. பக்கத்து வீட்டுப் பேச்சிக்கு நாலு கொடுத்தேன். மறுநாள் வாசலில் நின்று, "ஏளா பாக்கியம், இது கோழி இட்ட முட்டையா, நெத்திலி இட்ட முட்டையா? எங்க வீட்டுக்காரரு ஆம்லெட்ட மோந்து பாத்துட்டு, கொழம்பு எங்கங்காரு" என்றாள். தெருவே சிரித்தது. இப்போது கருவாட்டைக் குறைத்துவிட்டேன்.

சிப்பிச் சாக்கை நான் தொடவில்லை. புதுத் துறைமுகம் போகும் வழியில் கரையில் பொறுக்கி வந்தேன். சாம்பி நன்றாக இருக்கிறது. என் கையிலிருந்து இன்னும் இரை எடுப்பதில்லை. தரையில் போட்டால் நான் நகர்ந்த பிறகு வந்து தின்கிறது.

அன்புடன்,
சித்தி ஞானபாக்கியம்

*

நாசரேத்,
7-7-1974

சித்திக்கு,

விடுதிக்கு வரும் கடிதங்களை வார்டன் பிரித்துப் படித்த பிறகே எங்களிடம் கொடுப்பார்கள். "யார் இந்தக் கமலம் டீச்சர், கீரி எப்படிக் கொண்டுபோகும்?" என்று என்னை அழைத்துக் கேட்டார்கள். எங்கள் கணக்கு டீச்சர் பெயரைத்தான் கோழிக்கு வைத்தேன் என்று சொல்ல வேண்டியதாகிவிட்டது. கமலம் டீச்சரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். இனிமேல் செவலைக் கோழி என்று எழுதுங்கள்.

அம்மா இருந்தபோது மதியத்தில் கோழிகளைத் தனியே விட்டுவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனதில்லை. குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

சாம்பி அடைக்கு உட்காரும் காலம் இது. கரகரவென்று கத்திக்கொண்டு கூட்டைவிட்டு எழ மாட்டாள். பதின்மூன்று முட்டை வைக்கலாம். ஏழாம் நாள் விளக்கு வெளிச்சத்தில் முட்டையைப் பிடித்துப் பாருங்கள். உள்ளே சிலந்திபோல நரம்பு தெரிந்தால் உயிர் இருக்கிறது. ஒன்றும் தெரியாவிட்டால் கூமுட்டை.

ஜெ. ஜெயசெல்வி

*

முத்தையாபுரம்,
2-9-1974

அன்புள்ள மகள் ஜெயசெல்விக்கு,

பதினொன்று! பதின்மூன்றில் பதினொன்று பொரித்துவிட்டது.

ஏழாம் நாள் நீ சொன்னபடி சிமினி விளக்கின் முன்னால் முட்டையைப் பிடித்தேன். நிஜமாகவே சிலந்தி. கால்கூட அசைந்ததுபோல இருந்தது. உன் அப்பாவை எழுப்பிக் காட்டினேன். "கோழி முட்டையப் பாக்கவா என்ன எழுப்புன?" என்று திட்டிவிட்டு அவரும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

இருபத்தொன்றாம் நாள் காலையில் சாம்பியின் வயிற்றுக்கடியிலிருந்து கீச்சுச் சத்தம் கேட்டது. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொத்தவில்லை. ஜெயா, அது என்னைக் கொத்தாமல் விட்டது அன்றுதான் முதல் தடவை.

ஒன்று சொல்கிறேன், தவறாக நினைக்காதே. இந்த வீட்டில் எந்தப் பாத்திரத்தைத் திருப்பினாலும் அடியில் தேவமணி என்று உன் அம்மா பெயர் வெட்டியிருக்கிறது. கட்டில், அம்மி, தையல் மெஷின் எல்லாம் அவர்களுடையது. நான் வைத்து, நான் பார்த்துப் பொரித்தது என்று சொல்ல இந்தப் பதினொன்றுதான் இருக்கிறது. தினமும் எண்ணிப் பார்த்துக்கொள்கிறேன்.

கழிச்சல் நோய் வராமல் இருக்கக் குஞ்சுகளுக்கு ஊசி போடக் கூடையில் தூக்கிக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன். மருந்து வரவில்லை என்றார்கள். மறுபடியும் போவேன்.

அன்புடன்,
சித்தி

*

முத்தையாபுரம்,
20-1-1975

அன்புள்ள மகள் ஜெயசெல்விக்கு,

கிறிஸ்மஸ் விடுமுறைக்கு நீ வந்தபோதே இதைச் சொல்லியிருக்க வேண்டும். தைரியம் வரவில்லை.

நவம்பரில் அப்பாவுக்கு டைபாய்டு காய்ச்சல் வந்தது உனக்குத் தெரியும். பத்தொன்பதாம் நாள் இரவு நினைவில்லாமல் உன் அம்மா பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் முழங்காலில் நின்று, பிழைத்து எழுந்தால் இந்த வீட்டில் இருப்பதிலேயே அருமையானதைக் கோயிலின் அறுப்பின் பண்டிகைக்குக் காணிக்கையாகக் கொடுப்பேன் என்று பொருத்தனை பண்ணினேன். அந்த நேரத்தில் எது என்று யோசிக்கவில்லை. பிறகு யோசித்தபோது ஒன்றுதான் இருந்தது. என் குஞ்சுகளில் ஒன்றைக் கொடுத்திருந்தால் ஆண்டவரை ஏமாற்றியதாக இருக்கும்.

சனிக்கிழமை சாம்பியைக் காணிக்கையாகக் கொடுத்துவிட்டேன். வந்த காணிக்கைகளைக் கோயிலில் ஏலம் விட்டார்கள், அதில் அறுபது கோழிக்கு மேல் இருந்தன. எல்லாவற்றையும் காலைக் கட்டிக் கோயில் வாசலில் ஒன்றாகப் போட்டிருந்தார்கள். தேவபிரசாதம் உபதேசியார் சாம்பியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, "ஜெபசீலன் வீட்டுத் தோத்திரக் காணிக்கை!" என்றார். எடுத்தவர்கள் திரும்பவும் கோயிலுக்கே கொடுக்க, மறுபடி ஏலம் விட, நாலு கை மாறி, கடைசியில் மரக்கடை வேதமணி அண்ணாச்சி எடுத்துக்கொண்டு போனார்.

உன் அப்பா பிழைத்திருக்கிறார் என்பதை நினைத்துக்கொள்.

சித்தி

*

நாசரேத்,
22-1-1975

சித்திக்கு,

உங்கள் கடிதத்தை வார்டன் அறையிலேயே படித்தேன். வகுப்புக்குப் போக முடியவில்லை.

உங்களுக்கு அருமையானதைக் கொடுப்பதுதான் காணிக்கை. எனக்கு அருமையானதை எடுத்துக் கொடுத்தால் அதற்கு என்ன பெயர்? உங்கள் பதினொன்றும் பத்திரமாக இருக்கின்றன. என் அம்மாவின் ஒன்று போய்விட்டது.

வேதமணி அண்ணாச்சி வீட்டில் கோழி எதற்குப் போகும் என்று எனக்குத் தெரியும். போய்த் திருப்பி வாங்கி வாருங்கள். சாம்பி இல்லாத வீட்டுக்கு நான் கோடை விடுமுறைக்கு வரமாட்டேன்.

ஜெ. ஜெயசெல்வி

*

முத்தையாபுரம்,
28-1-1975

ஜெயசெல்விக்கு,

சாம்பி வந்துவிட்டது. நேற்று பஸ் ஏறிப் போய் வாங்கி வந்தேன். ஞாயிற்றுக்கிழமைக்கு அறுக்க வைத்திருந்தார்கள். பதிலுக்கு என் குஞ்சுகளில் வளர்ந்த பெட்டை இரண்டைக் கொடுத்தேன்.

"கோயிலுக்குக் குடுத்ததத் திருப்பிக் கேட்டு வந்த மொத ஆளு நீதாம்மா" என்றார் அண்ணாச்சி. அவர் மனைவி உள்ளேயிருந்து, "குடுத்துவிடுங்க, அந்தக் கோழிக் கறி நமக்குச் செமிக்காது" என்றாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் கோயிலில் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

நீ பரீட்சைக்குப் படி.

சித்தி

*

நாசரேத்,
2-2-1975

சித்திக்கு,

நம் தெரு ரோஸ் வெள்ளிக்கிழமை ஊருக்கு வந்துவிட்டு இன்று மதியம் விடுதிக்குத் திரும்பினாள். நான் ஆசையாக, "சாம்பியப் பாத்தியாளா?" என்று கேட்டேன். "பாத்தேன். கிணத்தடியில தனியாப் பஞ்சாரத்தப் போட்டுக் கவுத்தி வச்சிருக்காவ. மத்ததெல்லாம் தள்ளி அந்தப் பக்கம் மேயுது, இது உள்ள கெடந்து கத்திக்கிட்டே கெடக்கு. பாவமா இருந்துச்சு" என்றாள்.

வாங்கி வரச் சொன்னதற்குக் கோபமா? கோயிலில் தலைகுனிய வேண்டி வந்ததற்குச் சாம்பிக்குத் தண்டனையா? அவள் பொரித்த குஞ்சுகளிடமே அவளைப் போக விடாமல் அடைத்து வைத்திருக்கிறீர்கள். அவள் ஏங்கியே செத்துப்போவாள். என்னைப் பிரித்து விடுதியில் போட்டதுபோல அவளையும் பிரித்துவிட்டீர்கள். அம்மாவுடையது எதுவும் உங்கள் கண்ணில் படக் கூடாது, அவ்வளவுதானே?

இந்தக் கடிதம் கிடைத்த அன்றே சாம்பியை மற்ற கோழிகளோடு விட வேண்டும். இரவில் பழைய கூட்டில், அவளுடைய இடத்தில் அடைக்க வேண்டும். விடாவிட்டால் அப்பாவுக்குத் தனியாக எழுதுவேன்.

ஜெ. ஜெயசெல்வி

*

முத்தையாபுரம்,
5-2-1975

ஜெயசெல்விக்கு,

உன் கடிதம் மதியம் கிடைத்தது. நீ எழுதியபடி சாயங்காலமே சேர்த்து அடைத்துவிட்டேன்.

சித்தி

*

நாசரேத்,
9-2-1975

அன்புள்ள சித்திக்கு,

உங்கள் இரண்டு வரிகளைப் படித்து மனம் ஆறியது. நன்றி. போன கடிதத்தில் சற்றுக் கடுமையாக எழுதிவிட்டேன் என்று நினைக்கிறேன். ஆனால் யாராவது அவளுக்காகப் பேச வேண்டும் அல்லவா?

இப்போது சாம்பி என்ன செய்கிறாள்? குஞ்சுகள் அவளை அடையாளம் கண்டுகொண்டனவா? வளர்ந்த பிறகு குஞ்சுகள் தாயை மறந்துவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். நான் நம்பவில்லை. நீங்கள் பார்த்து எழுதுங்கள். விவரமாக எழுதுங்கள். கோடை விடுமுறைக்கு இன்னும் எழுபத்தைந்து நாள் இருக்கிறது.

அன்புடன்,
ஜெயசெல்வி

*

முத்தையாபுரம்,
17-2-1975

ஜெயசெல்விக்கு,

விவரமாக எழுதச் சொன்னாய்.

எட்டாம் தேதி காலையில் சாம்பி செத்துக் கிடந்தது. கூட்டில், அதனுடைய இடத்தில்தான். நீ ஒன்பதாம் தேதி எழுதிய கடிதம் வந்தபோது மண் போட்டு மூன்று நாள் ஆகியிருந்தது.

நான் சேர்த்து அடைத்த அன்றே அது இரை எடுக்கவில்லை. ஏங்கிப்போகும் என்று நீ எழுதியிருந்தாய். ஏக்கம்தான் என்று நினைத்தேன். மறுநாள் பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தது. கழுத்தை நீட்டி வாயைப் பிளந்து மூச்சு வாங்கியது. பதினோராம் தேதி குஞ்சுகளுக்கு வந்தது. குஞ்சு என்கிறேன், எல்லாம் முட்டையிடும் பருவம். கரிச்சியும் புள்ளியும் முதல் நாளே முடிந்தன. சின்ன வெங்காயம், மஞ்சள், கீழாநெல்லி, பேச்சி சொன்னது எல்லாம் அரைத்துப் புகட்டினேன். மாட்டாஸ்பத்திரியில், வந்த பிறகு ஊசி போட்டுப் பயனில்லை, கிட்டக் கொண்டுவராதே என்றார்கள். தினமும் எண்ணினேன். ஏழு, நாலு, இரண்டு. இன்று ஒன்று இருக்கிறது.

அண்ணாச்சி வீட்டுக்கு நான் போன அன்று அவர்கள் தொழுவத்தில் இரண்டு கோழி கண்ணை மூடிக்கொண்டு நின்றன. பார்த்தேன். அதனால்தான் வீட்டுக்கு வந்ததும் அடுப்படிச் சுவரைப் போய்ப் படித்தேன். கோடு போட்ட வரி. பதினான்கு நாள், தனியே, தூரத்தில், பஞ்சாரம் போட்டு. கிணற்றடியில் வைத்து, கைகால் கழுவிவிட்டுத்தான் கூட்டுப் பக்கம் போனேன். சுவரில் கரியால் நாள் கீறினேன். ஒன்பது கீறு கீறியிருந்தபோது உன் கடிதம் வந்தது.

ஏன் உனக்கு எழுதிக் கேட்கவில்லை என்று நினைப்பாய். கேட்டிருக்கலாம். அம்மாவுடையது எதுவும் என் கண்ணில் படக் கூடாது என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்த பிறகு சுவரில் இருப்பதைக் காட்டி வாதாட எனக்குக் கை வரவில்லை. வீம்பும் இருந்தது. இந்தா, உன் இஷ்டம் என்று திறந்துவிட்டேன். அந்தக் குற்றம் என்னுடையது.

ஊரில் பேச்சு வேறு. கர்த்தருக்குக் கொடுத்ததைத் திருப்பி எடுத்த வீடு, கூடு காலியாகத்தான் ஆகும் என்கிறார்கள். நேற்று ஞாயிறு ஆராதனையில் என் பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. அப்பா கூட்டை உதைத்து உடைத்துவிட்டார். "நாலு கோழியக் காப்பாத்தத் துப்பில்ல, எம் பிள்ளைய நீ எங்கன காப்பாத்தப் போற?" என்றார்.

சித்தி

*

நாசரேத்,
20-2-1975

அன்புள்ள

இந்த இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் விட்டிருக்கிறேன்.

நூலகத்துக்குப் போய் அந்தப் பக்கத்தை மறுபடியும் படித்தேன். பென்சிலில் ஓரத்தில் கோடு இருக்கிறது. நான் போட்டதுதான். ரோஸ் சொன்னபோது எனக்கு ஏன் அது நினைவு வரவில்லை? கணக்குச் சூத்திரம்போல மனப்பாடமாகச் சொல்வேனே. பஞ்சாரம் என்று கேட்டதும் எனக்குப் புத்தகம் தோன்றவில்லை. நீங்கள்தான் தோன்றினீர்கள். நீங்கள் செய்தால் அது கெட்டதாகத்தான் இருக்கும் என்று முன்பே முடிவு செய்து வைத்திருந்தேன்.

சாம்பியை நான்தான் கொன்றேன். உங்கள் குஞ்சுகளையும். அப்பாவுக்கு எல்லாவற்றையும் எழுதப் போகிறேன். இரண்டாம் தேதி நான் எழுதிய கடிதத்தை அவரிடம் காட்டுங்கள். உங்களைத் திட்டியதற்கு அவர் வருத்தப்பட வேண்டும்.

இனிமேல் உங்களை அம்மா என்று எழுதலாமா? நீங்கள் சம்மதித்தால் மேலே விட்ட இடத்தை அப்படி நிரப்பிப் படித்துக்கொள்ளுங்கள்.

ஜெயசெல்வி

*

முத்தையாபுரம்,
26-2-1975

ஜெயசெல்விக்கு,

அப்பாவுக்கு எழுதாதே. இரண்டாம் தேதிக் கடிதம் இப்போது இல்லை. அன்றே அடுப்பில் போட்டுவிட்டேன்.

ஏழாம் வகுப்போடு போதும், வீட்டில் இருக்கட்டும் என்றுதான் இரண்டு வருடத்துக்கு முன்பு அவர் சொன்னார். உன்னை விடுதியில் போட்டது நான்தான், அது உண்மை. இரண்டு மாதம் சொல்லிச் சொல்லிச் சம்மதிக்க வைத்தேன். நீ எழுதித்தான் சேர்த்து அடைத்தேன் என்று தெரிந்தால், புத்தகம் படித்த லட்சணம் இதுதானா என்று ஜூன் மாதம் உன்னை அனுப்ப மாட்டார். நான் கோழி வளர்க்கத் தெரியாதவளாகவே இருந்துகொள்கிறேன். அதனால் எனக்குப் போகப்போவது ஒன்றுமில்லை.

அம்மா என்று எழுதலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். கோழிகளுக்குப் பதிலாக அந்த வார்த்தையைத் தராதே. இரண்டு பெட்டையைக் கொடுத்து ஒன்றைத் திருப்பி வாங்கியவள் நான். அப்படி வாங்கியது எப்படிப் போகும் என்று பார்த்துவிட்டேன். விட்ட இடம் விட்டபடியே இருக்கட்டும்.

சுவரில் ஒட்டிய உன் ஜூன் மாதக் கடிதத்தைக் கத்தியால் பெயர்த்து இதோடு வைத்திருக்கிறேன். பின்பக்கம் சுண்ணாம்பும் கொஞ்சம் வந்திருக்கிறது, பார்த்துப் பிரி. அங்கே இருந்தால் தினமும் காப்பி போடும்போது படித்துக்கொண்டிருப்பேன். நீ வைத்துக்கொள்.

பிழைத்த ஒன்றுக்குக் கழுத்து முறுக்கிக்கொண்டது. தலை பின்பக்கம் திரும்பி வானத்தைப் பார்த்தபடி வட்டமாகச் சுற்றுகிறது. தரையில் போட்ட இரையைக் கொத்தத் தெரியவில்லை. ஒரு பக்கம் கொத்தினால் மூக்கு வேறு பக்கம் போகிறது. அப்பா கழுத்தைத் திருகச் சொல்லிவிட்டார். நான் மடியில் வைத்து நொய்யை ஊட்டுகிறேன். என் கையிலிருந்துதான் தின்னும், வேறு வழியில்லை அதற்கு.

கோடை விடுமுறைக்கு வருவதும் வராததும் உன் இஷ்டம். வந்தால், அதுவரை இது இருந்தால், பார். பெயர் மட்டும் வைக்காதே.

சித்தி